பூனைக்குச் சர்க்கரை நோய்: வீட்டிலேயே சுகர் பார்க்கப் பழகுவது எப்படி

பூனைக்குச் சர்க்கரை நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்சுலினும் சிரிஞ்சும் கைக்கு வந்துவிட்டன. 12 மணி நேர இடைவெளியில் காலை ஒன்று, இரவு ஒன்று போடச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்து நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது, ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் பூனையின் காதில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து சுகர் பார்ப்பது. இதைப் பல டாக்டர்கள் வற்புறுத்துவதில்லை. கேட்டதும் வீட்டுக்காரர்கள் மிரண்டுபோய் வைத்தியத்தையே கைவிட்டுவிடுவார்களோ என்று அவர்களுக்குத் தயக்கம். நான் வற்புறுத்தித்தான் சொல்வேன். எங்கள் கருப்பனுக்கு வீட்டில் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் இன்சுலின் போடும்போது என் கை நடுங்காமல் இருக்கிறது.

ஏன் வீட்டில்?

பூனைக்குப் பயம் வந்தால் சர்க்கரை ஏறும். கூடைக்குள் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, நாய்கள் குரைக்கும் வரவேற்பறையில் உட்கார வைத்து, முன்பின் தெரியாத ஒருவர் காலைப் பிடித்து ரத்தம் எடுத்தால், சர்க்கரை நோயே இல்லாத பூனைக்குக்கூட 300-ஐத் தாண்டலாம். அந்த எண்ணைப் பார்த்து இன்சுலினைக் கூட்டிவிட்டால், வீட்டுக்கு வந்து அமைதியாகப் படுத்திருக்கும் பூனைக்கு அந்த அளவு அதிகமாகிவிடும். வீட்டில், வழக்கமாகப் படுக்கும் இடத்தில் எடுக்கும் எண்தான் அதன் நிஜமான எண்.

இன்னொரு காரணம் பூனைகளுக்கே உரியது. மனிதர்களின் இரண்டாம் வகை நீரிழிவைப் போன்றதுதான் பெரும்பாலான பூனைகளுக்கும் வருவது. நோய் தெரிந்த சில மாதங்களுக்குள் இன்சுலினும் சரியான உணவும் கிடைத்துவிட்டால், சில பூனைகளின் கணையம் மறுபடி வேலை செய்யத் தொடங்கிவிடும். பிறகு ஊசியே தேவைப்படாமல் போகலாம். கேட்க நல்ல செய்திதான். ஆனால் அந்த மாற்றம் சொல்லிவிட்டு வராது. போன வாரம் சரியாக இருந்த அதே ஒரு யூனிட், இந்த வாரம் உயிருக்கு ஆபத்தாக முடியலாம். அதைக் கண்டுபிடிக்கக் காதில் எடுக்கும் அந்தச் சொட்டுதான் வீட்டில் சுலபமான வழி.

என்னென்ன வாங்க வேண்டும்

முதலில் மெஷின். பூனை, நாய்களுக்கென்றே ஆல்ஃபாட்ராக் போன்ற மெஷின்கள் உண்டு. எண் இன்னும் துல்லியமாக வரும்; ஆனால் ரத்தத்தை எடுக்க ஒவ்வொரு முறையும் மெஷினில் செருகும் ஸ்ட்ரிப்பின் விலை அதிகம், தெருமுனை மருந்துக் கடையில் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை இரவு ஸ்ட்ரிப் தீர்ந்துபோனால் என்ன செய்வீர்கள்? அதனால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மனிதர்களுக்கான மெஷினே போதும் என்பது என் கருத்து. ஒன்று மட்டும் பாருங்கள்: ஸ்ட்ரிப் நுனியாலேயே ரத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும் வகையாக இருக்க வேண்டும்; பெட்டியில் 0.6 மைக்ரோலிட்டர் அல்லது அதற்கும் குறைவாகப் போட்டிருக்க வேண்டும். மேலே பெரிய சொட்டாக விடச் சொல்லும் பழைய வகை ஸ்ட்ரிப், பூனைக் காதுக்குச் சரிப்படாது.

மனித மெஷின் பூனைக்குக் கொஞ்சம் குறைத்துக் காட்டும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் ரத்தத்தில் சர்க்கரையின் கணிசமான பங்கு சிவப்பணுக்களுக்குள்ளும் இருக்கும். பூனை ரத்தத்தில் கிட்டத்தட்ட எல்லாமே பிளாஸ்மாவில்தான், அதாவது அணுக்களுக்கு வெளியே உள்ள ரத்த நீரில்தான். மெஷின் நம் கணக்கை மனத்தில் வைத்துக் கணக்கிடுவதால், லேபில் 400 வருகிற பூனைக்கு இதில் கணிசமாகக் குறைவாகத் தெரியலாம். எண் சின்னதாக ஆக ஆக வித்தியாசமும் சுருங்கும். ஆகவே எந்த மெஷினில் பார்த்தது என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், நடுவில் மெஷினை மாற்றாதீர்கள். ஒரே மெஷினில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தொடர்ந்து பார்ப்பதே முக்கியம்.

அடுத்து லான்செட், அதாவது குத்தும் ஊசி. தொடக்கத்தில் 28 கேஜ் வாங்குங்கள். கேஜ் எண் கூடக் கூட ஊசி மெலியும். 30, 33 எல்லாம் காது பழகிய பிறகு. இன்சுலின் ஊசியால் குத்திப் பார்க்க வேண்டாம். இவற்றோடு பஞ்சு, கொஞ்சம் வாசலின், ஒரு சின்ன டார்ச், ஒரு நோட்டு, தேன். தேன் எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

ஸ்ட்ரிப் டப்பாவை எடுத்ததும் மூடிவிடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் திறந்து வைத்த ஸ்ட்ரிப் சீக்கிரம் கெட்டுப்போகும். அடுப்பு பக்கத்திலோ ஜன்னல் வெயிலிலோ வைக்காதீர்கள்.

இன்சுலின் வாங்கும்போது இன்னொரு எச்சரிக்கை. சுகர் பார்ப்பதற்கு நேரடித் தொடர்பில்லை என்றாலும் சொல்லாமல் விட முடியாது. இங்கே மருந்துக் கடைகளில் இரண்டு வகை சிரிஞ்ச் இருக்கும்: ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள இன்சுலினுக்குச் சிவப்பு மூடி, 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு மூடி. பூனைகளுக்கு அடிக்கடி எழுதித் தரும் கிளார்ஜின் என்ற இன்சுலின் 100 யூனிட் வகை. அதைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால், ஒரு யூனிட் கோடு வரை இழுத்ததாக நினைத்து இரண்டரை யூனிட் போட்டுவிடுவீர்கள். பூனைக்கு அது பயங்கரமான அளவு. கடைக்காரர் எதைக் கொடுத்தாலும், பாட்டிலில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள்.

முதல் வாரம்: குத்தாமல் பழக்குங்கள்

இங்கேதான் பெரும்பாலானவர்கள் அவசரப்படுகிறார்கள். வாங்கிய அன்றே பூனையைத் துண்டில் சுருட்டிப் பிடித்து, ஒருவர் காலை அமுக்க ஒருவர் குத்த, அன்றோடு அந்தப் பூனை கட்டிலுக்கு அடியில் போய்விடும். மறுநாள் மெஷின் சத்தம் கேட்டாலே ஓடும். தவிர, அப்படிப் போராடி எடுத்த எண்ணும் பயத்தால் ஏறிய எண்தான். ஆஸ்பத்திரியில் எடுத்ததற்கும் அதற்கும் வித்தியாசம் இருக்காது.

வீட்டில் ஓர் இடத்தை முடிவு செய்யுங்கள். சோபாவின் ஒரு மூலை, வாஷிங் மெஷின் மேல் விரித்த துண்டு, எதுவானாலும் சரி, தினமும் அதே இடம். நல்ல வெளிச்சம் இருக்க வேண்டும். பூனையைத் தூக்கி வந்து அங்கே உட்கார வைத்து, காதை மெதுவாகத் தடவி, உப்பும் மசாலாவும் போடாமல் வேகவைத்த கோழித் துண்டு ஒன்று கொடுத்து விட்டுவிடுங்கள். அவ்வளவுதான் முதல் நாள். அடுத்த நாள் காதின் ஓரத்தை விரலால் லேசாக அழுத்திப் பிடித்து, ஒரு துண்டு. அதற்கும் அடுத்த நாள் மெஷினை எடுத்து ஸ்ட்ரிப்பைச் செருகி, அந்தச் சத்தத்தைக் கேட்கவைத்து, ஒரு துண்டு. லான்செட்டைப் பொருத்தி, பட்டனை அழுத்திக் குத்தும் லான்சிங் பேனா உபயோகிப்பதாக இருந்தால், லான்செட்டைப் பொருத்தாமல் அந்த ‘டக்’ சத்தத்தையும் பழக்குங்கள். சில பூனைகளுக்கு அந்தச் சத்தம்தான் எதிரி. கையால் குத்துவதைப் பொறுத்துக்கொள்ளும்.

டாக்டர் இன்சுலினை உடனே தொடங்கச் சொல்லியிருந்தால், பழக்கும் வரை ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. அந்த இடைவெளியில் எப்படிக் கண்காணிப்பது என்று அவரிடமே கேளுங்கள்.

பரிசுக்குப் பால், பிஸ்கட் கூடாது. வேகவைத்த கோழி, மீன் இரண்டிலும் மாவுச்சத்து இல்லை. கருவாட்டில் உப்பு அதிகம், வேண்டாம். எண் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பரிசு உண்டு. இதில் கணக்குப் பார்க்காதீர்கள். கருப்பன் இப்போதெல்லாம் மெஷின் பையின் ஜிப் சத்தம் கேட்டதும் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்வான். எல்லாம் கோழித் துண்டு செய்த வேலை.

எங்கே குத்துவது

பூனையின் காதை வெளிப்பக்கமாகப் பாருங்கள். ஓரத்தை ஒட்டி மெல்லிய ரத்தக் குழாய் ஒன்று ஓடும். வெளிர் நிறப் பூனைக்குக் கண்ணாலேயே தெரியும். கறுப்புப் பூனைக்கு, காதின் உட்பக்கத்திலிருந்து டார்ச் அடித்தால் சிவப்புக் கோடாகத் தெரியும். குத்த வேண்டியது அந்தக் குழாயில் இல்லை. குழாய்க்கும் காதின் விளிம்புக்கும் நடுவே ஓர் ஒடுங்கிய பட்டை இருக்கிறதே, அங்கே. அங்கே நுண்குழாய்கள் நிறைய, வலியும் குறைவு. குழாயிலேயே குத்தினால் ரத்தம் நிற்கச் சற்று நேரமாகும், கன்றிப்போகும். ஆபத்தில்லை, ஆனால் அடுத்த முறை அந்த இடம் வலிக்கும்.

காதைத் தொடவே விடாத பூனைகளுக்கு, முன்னங்காலில் பாதத்துக்குச் சற்று மேலே தரையில் படாமல் தனியாக இருக்கும் மெத்தையில் எடுக்கலாம். நடக்கும்போது மிதிபடும் மெத்தைகளைத் தவிர்த்துவிடுங்கள்.

எடுக்கும் முறை

கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். விரலில் ஒட்டிய சர்க்கரையோ சோறோ ஸ்ட்ரிப்பில் பட்டால் எண் கன்னாபின்னாவென்று ஏறும்.

காதைச் சூடாக்குங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் ‘எங்கள் பூனைக்கு ரத்தமே வரவில்லை’ என்கிறார்கள். ஒரு சுத்தமான துணியில் கைப்பிடி அரிசியை முடிந்து, தோசைக்கல்லில் லேசாகச் சூடாக்கி, உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். கதகதப்பாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. அந்த ஒத்தடத்தைக் காதில் அரை நிமிடமாவது வைத்தால் காது சூடாகி, குழாய் புடைத்துத் தெரியும். ஏசி அறையிலும் மார்கழிக் காலையிலும் இது இல்லாமல் முடியாது.

ஸ்பிரிட் தேவையில்லை. எரிச்சலைக் கொடுக்கும், காயாமல் இருந்தால் ரத்தத்தோடு கலந்து எண்ணையும் கெடுக்கும். காது அழுக்காக இருந்தால் வெந்நீரில் நனைத்த பஞ்சால் துடைத்து உலர விடுங்கள். குத்தும் இடத்தில் மிக மெல்லியதாக வாசலின் தடவினால் ரத்தம் முடியில் பரவாமல் மணியாக நிற்கும். பட்டும் படாமலும் தடவுங்கள், கட்டியாக வேண்டாம்.

இப்போது ஸ்ட்ரிப்பை மெஷினில் செருகித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பூனையின் முதுகு உங்கள் பக்கம் இருக்கும்படி மடியிலோ முழங்கால்களுக்கு நடுவிலோ உட்கார வையுங்கள். இடது கையில் மடித்த பஞ்சைக் காதின் உட்பக்கம் வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். ஊசி தாண்டி வந்தாலும் உங்கள் விரலில் ஏறாது. வலது கையால், சாய்வாக, ‘சுருக்’கென்று ஒரே குத்து. தயங்கித் தயங்கி அழுத்துவதுதான் வலிக்கும்.

சொட்டு உடனே வராமல் போகலாம். விரலால் ஓரத்தை மெதுவாக அழுத்தி, நீவிவிடுங்கள். கடுகளவு மணி வந்தால் போதும். ஸ்ட்ரிப்பின் நுனியை அந்த மணியின் பக்கவாட்டில் தொட வையுங்கள், அது தானே உறிஞ்சிக்கொள்ளும். ஸ்ட்ரிப்பைக் காதில் வைத்துத் தேய்க்காதீர்கள். பூனை தலையை ஆட்டிக்கொண்டே இருந்தால் ஒரு வழி உண்டு: மணியை உங்கள் கட்டைவிரல் நகத்தின் மேல் ஒற்றி எடுத்துக்கொண்டு பூனையை விட்டுவிடுங்கள். அப்புறம் நகத்தின் மேலிருக்கும் சொட்டை ஸ்ட்ரிப் உறிஞ்சட்டும். உடனே செய்ய வேண்டும், காய விடக்கூடாது.

எண் வந்ததோ இல்லையோ, முதலில் பஞ்சால் காதைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். இதைச் செய்தால் கன்றாது. பிறகு கோழித் துண்டு. பிறகுதான் நோட்டில் எழுதுவது.

ஒரு வேளைக்கு இரண்டு மூன்று குத்துக்கு மேல் வேண்டாம். வரவில்லையென்றால் விட்டுவிட்டு, அரை மணி நேரம் கழித்து அடுத்த காதில் முயலுங்கள். ஆரம்பத்தில் கஞ்சத்தனம் செய்யும் காது, தொடர்ந்து எடுக்க எடுக்கச் சுலபமாகக் கொடுக்கும்.

குத்திய லான்செட்டையும் ஊசியையும் குப்பைப் பையில் போடாதீர்கள். கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து மூடி, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கொடுத்துவிடுங்கள். குப்பை எடுப்பவரின் கையில் ஏறக் கூடாது.

எண்ணை எப்படிப் படிப்பது

நோயில்லாத பூனைக்குச் சுமாராக 70 முதல் 150 வரை இருக்கும். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு மெஷின் மில்லிமோல் கணக்கில் காட்டும். அதை 18-ஆல் பெருக்கினால் இங்கே சொல்லும் எண் வரும். நல்ல மெஷினிலேயே 15 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம் என்பதால், 210-க்கும் 230-க்கும் நடுவே அர்த்தம் தேடாதீர்கள்.

ஒழுங்கு இதுதான்: முதலில் சுகர், பிறகு சாப்பாடு, பிறகு ஊசி. சாப்பிட்டதும் எடுத்தால் எண் உயர்ந்திருக்கும், ஏமாந்துபோவீர்கள். எந்த எண்ணுக்குக் கீழே ஊசி போடக் கூடாது என்று டாக்டரிடம் முதல் நாளே கேட்டு எழுதி வாங்குங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு 200 என்ற எல்லையைச் சொல்வது வழக்கம். அதற்குக் கீழே இருந்தால் சாப்பாடு கொடுக்காமல் அரை மணி நேரம் பொறுத்து மறுபடி பாருங்கள். ஏறுகிறதா, இறங்குகிறதா? சந்தேகமாக இருந்தால் அந்த வேளை ஊசியை விட்டுவிட்டு டாக்டருக்குப் போன் செய்யுங்கள். ஒரு வேளை சர்க்கரை கூடுதலாக இருந்தால் பூனைக்கு ஒன்றும் ஆகிவிடாது. தாழ்ந்துபோனால் சில மணி நேரத்தில் உயிர் போகலாம்.

80-க்குக் கீழே எப்போது வந்தாலும், அடுத்த ஊசிக்கு முன் அளவைக் குறைப்பது பற்றி டாக்டரிடம் பேசியாக வேண்டும். 60-க்குக் கீழே வந்தால் அவசரம். பூனை நன்றாக நடமாடினாலும் உடனே சாப்பிடக் கொடுங்கள். தள்ளாடினால், நடுங்கினால், கூப்பிட்டால் திரும்பாவிட்டால், தேனையோ கெட்டியான சர்க்கரைப் பாகையோ விரலால் ஈறில் தடவுங்கள். தொண்டைக்குள் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். வலிப்பு வந்துகொண்டிருக்கும்போது வாய்க்குள் விரலை விடாதீர்கள். உதட்டோரம் தடவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் 15 நிமிடத்துக்கு ஒரு முறை பாருங்கள். தேன் ஏற்றிய சர்க்கரை சீக்கிரம் இறங்கும், உள்ளே இன்சுலின் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்று இன்றே விசாரித்து, அதன் எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள்.

நாள் முழுக்கப் பார்ப்பது

இரண்டு மூன்று வாரம் பழகிய பிறகு, டாக்டர் ஒரு நாள் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பார்த்து எழுதச் சொல்லலாம். விடுமுறை நாளாகத் தேர்ந்தெடுங்கள். உதாரணத்துக்கு இப்படி வருகிறதென்று வைத்துக்கொள்வோம்: காலை 7 மணிக்கு 340, ஊசி. 9 மணிக்கு 290, 11-க்கு 210, பகல் 1-க்கு 140, 3-க்கு 155, 5-க்கு 240, இரவு 7-க்கு 330.

காலையும் இரவும் மட்டும் பார்த்தவருக்கு இது மோசமான பூனை. 340, 330 என்றால் இன்சுலினைக் கூட்டத் தோன்றும். ஆனால் நடுவே 140 வரை இறங்கியிருக்கிறது. கீழெல்லை 80-க்கும் 150-க்கும் இடையே இருந்தால் மருந்தின் அளவு சரி என்று பொருள். இங்கே கூட்டினால் பகல் 1 மணிக்குப் பூனை விழுந்துவிடும், நீங்கள் ஆபீஸில் இருப்பீர்கள். ஊசிக்கு முந்தைய எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மருந்தைக் கூட்டவே கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். பல பூனைகளுக்கு ஊசி போட்ட 4 முதல் 8 மணி நேரத்துக்குள் இந்தத் தாழ்வு வரும். நாள் முழுக்க முடியாதவர்கள், வாரத்தில் ஒரு நாளாவது அந்த நேரத்தில் ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள்.

காதில் அடிக்கடி குத்த மனமில்லாதவர்களுக்கு, ஃப்ரீஸ்டைல் லிப்ரே போன்ற சென்சாரை முடி மழித்த இடத்தில் டாக்டர் ஒட்டிவிடுவார். மனிதர்களுக்கு 14 நாள் வருவது. பூனை முன்பே பிய்த்துப் போட்டுவிடலாம். அது பார்ப்பது தோலடி நீரில் உள்ள சர்க்கரையை, அதனால் ரத்தத்தைவிடக் கொஞ்சம் பின்தங்கித்தான் சொல்லும். தாழ்வாகக் காட்டினால் காதில் எடுத்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சாப்பாட்டை மாற்றும்போது

நம் வீட்டுப் பூனைகள் பால்சோறும் மீன்குழம்புச் சோறும் தின்று வளர்ந்தவை. மாவுச்சத்தைக் குறைக்க டாக்டர் சொல்வார், நல்லதுதான். ஆனால் இன்சுலின் போய்க்கொண்டிருக்கும்போது சோற்றை ஒரே நாளில் நிறுத்தினால் சர்க்கரை மளமளவென்று சரியும். உலர் தீவனத்திலிருந்து டப்பா உணவுக்கு மாறும்போதும் இதே கதை. கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். அந்த நாட்களில் ஊசிக்கு நடுவிலும் பாருங்கள்.

நோட்டில் தேதி, நேரம், எண், எவ்வளவு சாப்பிட்டது, எத்தனை யூனிட், வாந்தியோ வேறு மாற்றமோ உண்டா என்று எழுதுங்கள். ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் அதையும் எழுதுங்கள், அது சர்க்கரையை ஏற்றும். வீட்டில் இன்னொருவருக்கும் எடுக்கக் கற்றுக்கொடுத்துவிடுங்கள். கல்யாணம், காது குத்து என்று ஊருக்குப் போகாமல் இருக்க முடியாது. உங்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் பூனைக்குக் காலை 7 மணி காலை 7 மணிதான்.

சுகர் 300-க்கு மேலேயே நிற்கிறது, பூனை சாப்பிடவில்லை, வாந்தி எடுக்கிறது, மூலையில் சுருண்டு கிடக்கிறது என்றால் ஸ்ட்ரிப்பை வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் கீட்டோன் ஸ்ட்ரிப் (இன்சுலின் போதாதபோது உடலில் சேரும் கீட்டோன் என்ற கெட்ட பொருளைச் சிறுநீரில் காட்டுவது) வீட்டில் இருந்தால், பூனை சிறுநீர் கழிக்கும்போது ஒரு பழைய கரண்டியை நீட்டிப் பிடித்து, அதில் தோய்த்துப் பாருங்கள். நிறம் மாறினால், அல்லது பார்க்கவே முடியாவிட்டாலும், நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.